புதைந்த துறை கேட்கும் கேள்வி

கற்களுக்கு வாயில்லை. ஆயினும், நூறாண்டுக் காலம் மண்ணுக்கடியிலே கிடந்த ஒரு கல்துறை, 2011-ஆம் ஆண்டிலே வெளிச்சத்துக்கு வந்தபோது, ஒரு மாநகரையே குற்றவாளிக் கூண்டில் ஏற்றிற்று. அந்த மாநகர், பிரேசில் நாட்டு ரியோ டி ஜெனிரோ. அந்தத் துறையின் பெயர், வலோங்கோ.

மலையும் கடலும் மார்தழுவி நிற்கும் எழில் நகரம் ரியோ. ஆனால் எழில் நகருக்கும் ஒரு கொல்லைப்புறம் உண்டு. அதன் பழைய துறைமுகப் பகுதி பாழ்பட்டுக் கிடந்தது. பூட்டிய கிடங்குகள், துருப்பிடித்த தண்டவாளங்கள், தலைக்குமேல் இரைச்சலிட்டு ஓடும் மேம்பாலம், அதற்குக் கீழே எவரும் திரும்பிப் பாராத ஏழை மக்கள். இந்தப் பகுதிக்குப் புத்துயிர் ஊட்டப்போகிறோம் என்று 2009-இல் சட்டம் இயற்றினர். 'அற்புதத் துறைமுகம்' என்று திட்டத்துக்குப் பெயரும் சூட்டினர். மண்ணைத் தோண்டினர். தோண்டிய இடத்திலே, அற்புதத்துக்குப் பதில் அடிமைகளின் காலடி பட்ட கற்கள் கிடைத்தன!

புத்துயிர் என்கிறார்களே, அது யாருடைய உயிர்? கட்டடத்தின் உயிரா? காணி விலையின் உயிரா? அங்கே வாழ்ந்த மனிதனின் உயிரா? இதுதான் கேள்வி. இது நகரமைப்பு நிபுணர்கள் மட்டும் வரைபடம் விரித்துத் தீர்த்துக்கொள்ளும் கணக்கு என்று நாம் கருதவில்லை. இது அறம் பற்றிய கேள்வி. ஆகவே அனைவருக்கும் உரிய கேள்வி.

பழைய துறைமுகங்கள் ஏன் பாழாகின்றன என்பதை முதலில் அறிந்துகொள்வோம். யாரோ சபித்ததால் அல்ல, தலைவிதியாலும் அல்ல. முன்னாளில் ஒரு கப்பல் கரை சேர்ந்தால், மூட்டை சுமக்க ஆயிரம் தோள்கள் வேண்டும். தோள்கள் இருக்கும் இடத்தில் குடிசைகள் எழும். குடிசைகள் இருக்கும் இடத்தில் கடைவீதியும் பாட்டும் கூத்தும் பிறக்கும். 1956-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் நியூவர்க் துறைமுகத்திலிருந்து ஹூஸ்டனுக்கு, 58 இரும்புப் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு ஒரு கப்பல் புறப்பட்டது. மால்கம் மெக்லீன் என்பவரின் ஏற்பாடு அது. அதன்பின் மூட்டை போயிற்று, பெட்டி வந்தது. பெட்டியைத் தூக்கத் தோள் வேண்டாம், பாரந்தூக்கிப் பொறி போதும். பெரிய கப்பலுக்கு ஆழமான கடலும் பெட்டி அடுக்கப் பரந்த திடலும் வேண்டும். நகரின் நடுவே நெருங்கிக் கிடந்த பழைய துறைகளுக்கு அந்த ஆழமும் இல்லை, அந்த அகலமும் இல்லை. கப்பல்கள் வேறிடம் சென்றன. இலண்டன், லிவர்பூல், ரியோ என்று எங்கும் இதே கதை. கப்பல் போயிற்று, சுமந்தவன் மட்டும் அங்கேயே நின்றான்.

பொறி வந்ததைப் பழிப்பவரல்ல நாம். மனிதன் முதுகு வளைந்து மூட்டை சுமப்பதே மாண்பு என்று பேசுவோர், ஒருநாளும் மூட்டை சுமந்தறியாதவர். நாம் கேட்பது வேறு. சுமை இறங்கிய பிறகு, சுமந்தவன் நின்ற இடம் யாருக்குச் சொந்தமாகிறது?

இனி வலோங்கோவின் கதை கேளீர்.

ஆப்பிரிக்காவிலிருந்து பிடித்துவரப்பட்ட மக்களை ரியோ நகரின் நடுத்தெருவிலேயே விற்றுக்கொண்டிருந்தனர், 18-ஆம் நூற்றாண்டில். 1774-இல் அரசப் பிரதிநிதியாக இருந்த லவ்ராதியோ பிரபு ஓர் ஆணை பிறப்பித்தார். விற்பனையை நிறுத்தச் சொல்லி அல்ல! சந்தையை நகருக்கு வெளியே, வலோங்கோ கடற்கரைக்கு மாற்றச் சொல்லி! மனிதனை மனிதன் விற்பது அவர் மனத்தை உறுத்தவில்லை. அந்தக் காட்சி சீமான்களின் கண்ணை உறுத்திற்று. கொடுமை நடக்கட்டும், கொஞ்சம் தள்ளி நடக்கட்டும் என்றது அந்த நாகரிகம். நகரமைப்பு என்னும் கலை, அங்கே முதன்முதலில் செய்த தொண்டு, மறைப்புத் தொண்டு!

1811 முதல் அங்கே கல் பாவிய துறை எழுந்தது. தென் அமெரிக்க மண்ணிலே அந்தத் துறை வழியாக இறக்கப்பட்டோர் ஏறத்தாழ 9 இலட்சம் பேர் என்று ஐக்கிய நாடுகளின் பண்பாட்டு மன்றமான யுனெஸ்கோ மதிப்பிடுகிறது. பிரேசில் முழுவதிலும் இறக்கப்பட்ட ஆப்பிரிக்கர் தொகை 48 இலட்சத்துக்கும் மேல். கடல் தாண்டி வந்து, கரையைக் கண்டதும் மாண்டுபோனோர் எத்தனையோ ஆயிரவர். அவர்களுக்கென ஒரு புதைகாடு. புதைகாடு என்ற பெயர் அதற்குப் பெருமை. உடல்களை ஆழமின்றி மண்ணில் எறிந்துவிட்டுப் போன குப்பைமேடு அது. 1830 வரை அது நடந்தது. பின்னர் அதன்மேல் தெரு வந்தது, வீடு வந்தது. 1996-இல் ஒரு தம்பதி தம் வீட்டைப் பழுதுபார்க்கத் தரையைத் தோண்டினர். வெளிப்பட்டவை, மனித எலும்புகள். அவர்கள் அதை மூடிவிட்டுச் சிமெந்து பூசவில்லை. தம் வீட்டையே நினைவகமாக மாற்றிக்கொண்டனர். பேரரசுகள் செய்யாததை, வீடு பழுதுபார்க்க முனைந்த இருவர் செய்தனர்!

துறையின் கதைக்கு வருவோம். 1831-இல் அடிமை இறக்குமதியைத் தடுக்கும் சட்டம் வந்தது, துறை மூடப்பட்டது. சட்டம் ஏட்டிலே இருந்தது, கடத்தல் நாட்டிலே இருந்தது. 1850-இல் வேறொரு சட்டம் வந்த பிறகே கப்பல்கள் நின்றன. இதற்கிடையே 1843-இல் பேரரசர் இரண்டாம் பெத்ருவுக்கு மணமகளாக நேப்பிள்ஸ் நாட்டு இளவரசி தெரேசா கிறிஸ்தினா கப்பலேறி வந்தார். அரசியின் பாதம் படவேண்டிய இடம் அடிமையின் பாதம் பட்ட கல்லாக இருக்கலாமா? வலோங்கோவின் கற்களுக்குமேல் புதிய கற்களை அழகுறப் பரப்பினர். 'பேரரசியின் துறை' என்று புதுப்பெயர் சூட்டினர். 9 இலட்சம் பேர் கண்ணீர் சிந்திய இடம், ஒரே ஒரு மங்கை இறங்கிய இடமாக மாறிற்று! விந்தையினும் விந்தை இது.

அதோடு நின்றதா? 1911-இல், துறைமுகத்தைப் புதுப்பிக்கிறோம் என்று கடலைத் தூர்த்து, அரசியின் துறையையும் மண்ணுக்குள் அனுப்பினர். அடிமைமேல் அரசி, அரசிமேல் மண், மண்மேல் சதுக்கம். மூன்று போர்வை போர்த்தி உறங்கவைத்தனர் ஓர் உண்மையை.

1888 மே 13-ஆம் நாள், பிரேசில் அடிமை முறையை ஒழித்தது. அமெரிக்கக் கண்டத்திலேயே கடைசியாக ஒழித்த நாடு அது. 1890-இல், குடியரசின் நிதியமைச்சர் ரூயி பார்போசா, அரசிடமிருந்த அடிமைப் பதிவேடுகளை எரித்துவிட ஆணையிட்டார். நாட்டின் கறையைத் துடைக்கவே இது என்றனர். அடிமைகளின் உடைமையாளர்கள், 'எம் சொத்து போயிற்று, இழப்பீடு தா' என்று கேட்கவிடாமல் தடுக்கவே அவ்வாறு செய்தார் என்று வாதிடும் வரலாற்றாளரும் உண்டு. நோக்கம் நல்லதாகவே இருக்கட்டும். விளைவு என்ன? தாளிலே இருந்த சான்றில் பெரும்பகுதி தீயிலே போயிற்று. தன் பாட்டன் பெயரைத் தேடும் பேரனுக்கு, சாம்பல்தான் மிச்சம். தாள் எரியும், கல் எரியாது. வலோங்கோவின் கற்களுக்கு உள்ள மதிப்பு இதுதான்.

இந்த இடத்தில் பகுத்தறிவாளர் சிலர் குறுக்கிட்டுக் கேட்கக்கூடும். கேட்கத்தான் வேண்டும். "பழமை என்பதற்காக எதையும் போற்றாதே என்று நமக்குப் பாடம் சொன்னீர்கள். இப்போது பழங்கல்லைக் காக்கச் சொல்கிறீர்களே! இன்னொரு புனிதத் தலம் எழுப்பவா? மாண்டோர் மாண்டனர், இருப்போருக்கு வீடு கட்டுங்கள்" என்று.

நல்ல கேள்வி. விடையும் நேர்மையாகவே இருக்கட்டும். பழையது என்பதற்காக ஒன்றை வணங்குவது வேறு. சான்று என்பதற்காக ஒன்றைக் காப்பது வேறு. வணக்கம் கேள்வியை அடக்கும். சான்று கேள்வியை எழுப்பும். பீடத்தில் ஏற்றிய கல்லைப் பார்த்து நீ ஏன் இங்கு வந்தாய் என்று கேட்கலாகாது. வலோங்கோவின் கல்லைப் பார்த்து அதைத் தவிர வேறெதையும் கேட்க இயலாது. வகுப்பிலே வரலாறு நடத்தும்போது நாம் அடிக்கடி காண்கிறோம்: அரசன் கட்டிய மாளிகை பாடத்தில் வரும், கல் சுமந்தவன் பெயர் வராது. ஏன் வரவில்லை என்று மாணவன் கேட்டால், எழுதிவைக்கவில்லை என்பதே நம் விடை. எழுதிவைக்கப்படாதவனுக்கு, அவன் மிதித்த மண்ணே ஏடு. அந்த ஏட்டைக் கிழிப்பது பகுத்தறிவாகாது.

ஆனால் இரண்டாவது பாதியையும் மறந்துவிடக்கூடாது. "இருப்போருக்கு வீடு" என்றார்களே, அதுதான் இந்த வழக்கின் உயிர்நிலை. மாண்டவனின் கல்லைக் கண்ணாடிக்குள் வைத்துவிட்டு, அவன் பேரனைத் தெருவிலே நிறுத்தினால், அந்த நினைவகமும் ஓர் ஏமாற்று வேலையே.

வலோங்கோவுக்கு அருகே பிராவிதென்சியா என்றொரு குன்று. 1897-இல் கனுதோஸ் போரிலிருந்து திரும்பிய படைவீரர்கள், அரசு தருவதாகச் சொன்ன வீட்டுக்காகக் காத்திருந்து, அது வாராமற்போகவே அங்கே குடிசை போட்டனர். போர்க்களத்துக் குன்றொன்றின் பெயரால் அதை 'ஃபவேலா' என்றழைத்தனர். இன்று பிரேசில் நாட்டுச் சேரிகளுக்கெல்லாம் அதுவே பெயர். வாக்குறுதி பொய்த்த இடத்தில் பிறந்த சொல் அது!

1902 முதல் 1906 வரை நகரத் தலைவராயிருந்த பெரெய்ரா பாசோஸ், பாரிசைப் போல ரியோவை ஆக்குவேன் என்று அகன்ற சாலைகள் வெட்டினார். ஏழைகள் நெருங்கி வாழ்ந்த வீடுகள் வரிசை வரிசையாக இடிந்தன. 'இடித்துத் தள்ளு' என்று மக்கள் அந்தக் காலத்துக்கே பெயர் வைத்தனர். அதே வேளையில்தான் ஆஸ்வால்தோ குரூஸ் என்னும் மருத்துவ அறிஞர், பெரியம்மையை ஒழிக்க அம்மைகுத்தலைக் கட்டாயமாக்கும் சட்டம் கொணரச் செய்தார். 1904 நவம்பரில் மக்கள் கிளர்ந்தெழுந்தனர். துறைமுகத்தை ஒட்டிய சவூதே பகுதியில் தெருவை மறித்து அரண் கட்டிப் போரிட்டனர். முப்பது பேரளவில் மாண்டனர். நூற்றுக்கணக்கானோர் தொலைதூர ஆக்ரே காட்டுப்பகுதிக்கு அனுப்பப்பட்டனர்.

தோழர்களே, இந்த நிகழ்ச்சியை ஒருமுறைக்கு இருமுறை எண்ணிப் பார்க்கவேண்டுகிறோம். அம்மைகுத்துவது அறிவு வழி. அதில் நமக்கு ஐயமில்லை. கட்டாயச் சட்டம் கைவிடப்பட்டது, 1908-இல் பெரியம்மை மீண்டும் பேரளவில் தாக்கிற்று, பட்டவர் ஏழைகளே. அப்படியானால் மக்கள் மூடர்கள் என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடலாமா? ஒரு கையால் வீட்டை இடித்துவிட்டு, மறுகையில் ஊசியுடன் வந்து "உன் நன்மைக்கே" என்றால், எவன் நம்புவான்? நேற்று இடித்த கை எது, இன்று காக்கும் கை எது என்று பிரித்தறிய அவனுக்கு எவர் கற்றுக்கொடுத்தார்? அறிவு சரியாக இருந்தது. அணுகுமுறை அடியோடு தவறாக இருந்தது. சீர்திருத்தம் பேசும் ஒவ்வொருவரும் நெஞ்சிலே பொறித்துக்கொள்ளவேண்டிய பாடம் இது. மக்களின் நம்பிக்கையை இழந்த அறிவு, மக்களுக்குப் பயன்படாத அறிவாகிவிடுகிறது.

நூறாண்டுக்குப் பின் வந்த 'அற்புதத் துறைமுகம்' இந்தப் பாடத்தைக் கற்றதா?

ஏறத்தாழ 50 இலட்சம் சதுர மீட்டர் பரப்பு. பெரும்பகுதி பொதுச் சொத்தான நிலம். சீரமைக்கப் பணம் வேண்டுமே! அதற்கு ஒரு வழி கண்டனர். அங்கே கூடுதல் உயரத்துக்குக் கட்டடம் எழுப்பும் உரிமையைச் சீட்டுகளாக அச்சிட்டு விற்பது. வானத்தை விற்பது என்று சுருக்கமாகச் சொல்லலாம்! 2011-இல் ஏலம் நடந்தது. 64 இலட்சத்துக்கும் மேற்பட்ட சீட்டுகள். விலை 350 கோடி ரெயால். அத்தனையையும் ஒரே ஆள் வாங்கினார். யார் அந்தக் கோடீசுவரர்? தொழிலாளர் நிதி! ஒவ்வொரு தொழிலாளிக்கும் அவன் ஊதியத்தில் 8 விழுக்காட்டுக்குச் சமமான தொகையை முதலாளி மாதந்தோறும் செலுத்த, வேலை போனால் உதவட்டும் என்று சேர்த்துவைக்கும் நிதி. அதை நிர்வகிக்கும் அரசு வங்கி வாங்கிற்று. அந்தச் சீட்டுகளைக் கட்டட முதலாளிகளுக்கு விற்று இலாபம் காண்பது கணக்கு.

கணக்கின் உள்ளே என்ன ஒளிந்திருக்கிறது, பாருங்கள். சீட்டு விலை ஏறவேண்டுமானால் நிலத்தின் விலை ஏறவேண்டும். நிலத்தின் விலை ஏறினால் வாடகை ஏறும். வாடகை ஏறினால் அங்கே வாழும் ஏழை வெளியேறவேண்டும். ஆக, தொழிலாளியின் சேமிப்பு பெருகுவதற்கு, தொழிலாளியே குடிபெயரவேண்டும்! எவரும் தீய எண்ணம் கொள்ளத் தேவையில்லை. திட்டமே அப்படி முடையப்பட்டிருக்கிறது. பின்னாளில் பொருளாதாரம் சரிந்தது, சீட்டுகள் எதிர்பார்த்தபடி விலைபோகவில்லை, நிதி திணறிற்று. ஏறினாலும் ஏழைக்கு இழப்பு, இறங்கினாலும் ஏழைக்கு இழப்பு என்ற சூதாட்டம் இது.

நடுநிலை தவறிப் பேசவேண்டாம். நன்மையும் நடந்தது. கடலை மறைத்து நின்ற மேம்பாலம் 2013-14-இல் தகர்க்கப்பட்டது. மக்கள் கடலோரம் நடக்க வழி பிறந்தது. சிறு இரயில் ஓடிற்று. சீட்டு விற்ற தொகையில் குறைந்தது 3 விழுக்காடு பண்பாட்டுச் சின்னங்களுக்கு என்று விதித்தனர். தானியா அந்திராதே லீமா என்னும் தொல்பொருள் ஆய்வாளரின் தலைமையில் வலோங்கோ முறையாகத் தோண்டப்பட்டது. மணிகளும் சோழிகளும் தாயத்துகளும், உடைமை ஏதுமின்றி வந்தோரின் உடைமைகளாக வெளிப்பட்டன. 2017-இல் அத்துறை உலக மரபுச் சின்னமாயிற்று. கருப்பின அமைப்புகளின் குரல் இல்லாமல் இது நடந்திராது.

ஆனால் அதே ஆண்டுகளில், பிராவிதென்சியா குன்றின் வீட்டுச் சுவர்களில் நகராட்சி வீட்டுத்துறையின் முதலெழுத்துகளும் எண்ணும் தீட்டப்பட்டன. அது இடிக்கப்படும் வீடு என்பதற்கு அடையாளம். வீட்டுக்காரனிடம் கேட்பதற்கு முன்பே சுவரிடம் சொல்லிவிட்டனர்! குன்றின் மேலே கம்பிவட ஊர்தி அமைக்க, மக்கள் கூடிக் களித்த சதுக்கத்தை எடுத்துக்கொண்டனர். 2014-இல் ஊர்தி ஓடத் தொடங்கிற்று. ஒலிம்பிக் பந்தயம் முடிந்த 2016-ஆம் ஆண்டின் இறுதியில் நின்றுபோயிற்று. மீண்டும் ஓட 2024 ஆயிற்று. விருந்தாளி இருக்கும் வரை விளக்கு. விருந்தாளி போனபின் இருட்டு. கீழே கடலோரத்தில் 2015-இல் 'நாளைய அருங்காட்சியகம்' வெண்ணிறமாக எழுந்து நின்றது. நாளையைக் காட்டும் அந்த மாளிகைக்கு அருகே வாழ்பவனுக்கு, நாளை தன் வீடு இருக்குமா என்பதே ஐயம்!

"பணமின்றி நகரம் எழுமா? பணம் வருமிடத்தில் விலை ஏறத்தானே செய்யும்?" என்பர் நடைமுறை அறிந்தோர். ஏறட்டும். ஏறும் விலையை உண்டாக்கியது யார்? பொதுப்பணம் போட்ட சாலை, பொதுநிலம், அங்கே நூறாண்டு வாழ்ந்து பாட்டும் பண்பும் வளர்த்த மக்கள். சாம்பா இசை வளர்ந்த இடமென்று அந்தப் பகுதியைக் காட்டித்தானே பயணிகளை அழைக்கின்றனர்! பாடியவன் வளர்த்த பெருமைக்குப் பங்கு கேட்டால், அது பிச்சையாகுமா? உரிமை அல்லவா? பொதுநிலத்தில் ஒரு பங்கை, விலை எவ்வளவு ஏறினும் விற்கவொண்ணாத குடியிருப்பாக ஒதுக்கிவைப்பது இயலாத செயலன்று. எந்த வீட்டை இடிப்பது என்பதை அந்த வீட்டாரோடு அமர்ந்து தீர்மானிப்பதும் இயலாததன்று. இயலாதென்பது விருப்பமின்மைக்கு வைத்த கௌரவப் பெயர்.

வலோங்கோவுக்கு எதிரிலேயே இதற்குச் சான்று நிற்கிறது. அந்திரே ரெபோசாஸ் என்னும் கருப்பினப் பொறியியல் அறிஞர், 1871-இல் அங்கே பெருங்கிடங்கு ஒன்றை எழுப்பினார். அடிமை முறை சட்டப்படி நடைபெற்ற காலம். ஒழிய இன்னும் 17 ஆண்டுகள் இருந்தன. ஆயினும் அடிமை உழைப்பு இந்தக் கட்டடத்தில் கூடாது என்று உறுதிபூண்டு கட்டி முடித்தார். ஊர் வழக்கம், செலவுக் கணக்கு, நடைமுறை எல்லாம் அவருக்கு எதிராகவே இருந்தன. அறம் அவர் பக்கம் இருந்தது, கட்டடமும் எழுந்தது!

வேறு துறைகளையும் சற்றே நோக்குவோம். அடிமை வாணிகத்தால் கொழுத்த லிவர்பூல், அந்தக் கதையைச் சொல்லும் அருங்காட்சியகத்தை 2007-இல் தன் துறைமுகத்திலேயே திறந்தது, பாராட்டுகிறோம். அதே நகரம், கரையோரப் புதுக் கட்டடங்களின் பொருட்டு, 2004-இல் பெற்ற உலக மரபுத் தகுதியை 2021-இல் இழந்தது. மொரீசியசின் போர்ட் லூயிசில், ஒப்பந்தக் கூலிகள் இறங்கிய துறை 2006-இல் உலக மரபுச் சின்னமாயிற்று. 1834 முதல் 1920 வரை இந்தியாவிலிருந்து அங்கு வந்திறங்கியோர் ஏறத்தாழ 5 இலட்சம். அவர்களிலே தமிழரும் உண்டு. சென்னைத் துறையில் கப்பலேறிய நம்மவர் மிதித்த படிகள் அவை. 'கூலித் துறை' என்று இகழ்ச்சியாக அழைக்கப்பட்ட இடத்தைப் பேரர்கள் பெருமையோடு காக்கின்றனர். ஆகவே வலோங்கோவின் கேள்வி நமக்கு அயலார் கேள்வியன்று.

எந்த ஊரிலே பழைய துறையைப் புதுப்பிக்கிறோம் என்று எவர் வந்தாலும், மூன்று கேள்விகளைக் கேட்போம். இங்கே நடந்ததை மறைக்கிறீர்களா, சொல்கிறீர்களா? இங்கே வாழ்பவன் திட்டம் முடிந்த பின்னும் இங்கே வாழ்வானா? திட்டம் தீட்டும் மேசையில் அவனுக்கு நாற்காலி உண்டா? மூன்றுக்கும் ஆம் என்று விடை வந்தால், கைதட்டி வரவேற்போம், கைகொடுத்தும் உதவுவோம். ஒன்றுக்கேனும் விடையின்றித் தடுமாறினால், அது புத்துயிர் ஆகாது. பழைய பிணத்துக்குப் புதிய போர்வை.

அரசி வந்தாள் என்று ஒருமுறை மூடினார்கள். நாகரிகம் வந்தது என்று மறுமுறை மூடினார்கள். பந்தயம் வந்தது என்று தோண்டியபோது உண்மை வெளியே வந்துவிட்டது. இனி அதை மூடாமல் காப்பது ரியோ மக்களின் கடமை. நம் ஊர்த் துறைகளிலும் தெருக்களிலும் எந்த உண்மைமேல் எந்தக் கல் பரப்பப்பட்டிருக்கிறது என்று குனிந்து பார்ப்பது நம் கடமை. இளைஞர்களே, குனியத் தயங்கவேண்டாம். வணங்கக் குனிவதுதான் இழிவு; உண்மையைத் தேடிக் குனிவது, நிமிர்ந்து நிற்பதற்கான முதல் செயல்.